ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம்

1901ஆம் ஆண்டின் கோடையில் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பல் அட்லாண்டிக் கடலில் போய்க்கொண்டிருந்தது. சார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு உடலியல் அறிஞர்கள் அதில் இருந்தார்கள். நீல நிறக் காற்றுப்பையுடன் நீர்மேல் மிதந்துவரும் ‘போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்’ என்ற கடலுயிரியின் நஞ்சை ஆராய்வது அவர்கள் வேலை. ஊர் திரும்பியதும் அந்த உயிரி கிடைக்கவில்லை. அதனால் கடல் சாமந்தியின் நஞ்சை எடுத்துக்கொண்டு நாய்களிடம் ஆய்வைத் தொடர்ந்தார்கள். நஞ்சைச் சிறிய அளவில் கொடுத்துப் பழக்கினால் உடல் அதைத் தாங்கக் கற்றுக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்ற திடகாத்திரமான நாய் முதல் ஊசியைச் சாதாரணமாகத் தாங்கிக்கொண்டது. மூன்று வாரங்களுக்குப் பிறகு, நாய் நல்ல ஆரோக்கியத்தில் இருந்தபோது, அதே அளவை மறுபடியும் செலுத்தினார்கள். சில நொடிகளில் அதற்கு மூச்சு வாங்கியது. நடக்க முடியாமல் சரிந்தது. வயிற்றுப்போக்கும் ரத்த வாந்தியும் வந்தன. 25 நிமிடத்தில் இறந்துவிட்டது.

பாதுகாப்பு வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் உயிரே போயிற்று. அனஃபிலாக்சிஸ் எனப்படும் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சியை அறிவியல் இப்படித்தான் கண்டுகொண்டது. 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாய்க்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, “அரை மணி நேரம் வெளியே உட்கார்ந்துட்டுப் போங்க” என்று கால்நடை மருத்துவர் சொல்வதற்கு வேர் அந்த ஆய்வில் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் நாயின் உடலுக்குள் நடக்கக்கூடியது ஆச்சரியமானது. அதைத் தெரிந்துகொண்டால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதும், மருத்துவரிடம் எதைக் கேட்டுச் சரிபார்க்கலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

அந்நியப் பொருள் ஒன்று முதல்முறை உள்ளே வரும்போது உடல் பெரிதாக ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, அந்தப் பொருளை மட்டும் அடையாளம் கண்டு பற்றும் புரதங்களைத் தயாரிக்கிறது. எதிர்பொருள்கள் என்பவை இவைதாம். பெரும்பாலானவை ரத்தத்தில் சுற்றிக் கிருமிகளைப் பிடிக்கும். தடுப்பூசியால் நாம் வேண்டுவதும் அதுதான். ஐ.ஜி.ஈ. என்ற வகைக்கு மட்டும் வேறு வேலை. தோலிலும் குடலிலும் கல்லீரலிலும் மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள் உண்டு. ஐ.ஜி.ஈ. அவற்றின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் காத்திருக்கும்.

ஒவ்வொரு மாஸ்ட் செல்லிலும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் ஏற்பாடு நுட்பமானது. ஒரே ஒரு ஐ.ஜி.ஈ.யைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டை ஒரே புரதம் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வங்கி லாக்கர் நம் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும், அப்படி. திறந்துவிட்டாலோ சில நொடிகளில் ஹிஸ்டமின் வெளியே கொட்டும். ரத்தக்குழாய்கள் விரிந்து கசியும், கசிந்த இடம் வீங்கும்.

ஆகவே குட்டியின் முதல் ஊசியில் உண்மையான ஒவ்வாமை வருவது அரிது. பழக்கப்படாத உடலில் ஐ.ஜி.ஈ. இன்னும் தயாராகியிருக்காது. இரண்டாவது, மூன்றாவது ஊசியிலோ அடுத்த ஆண்டு ஊசியிலோதான் வரும். “போன தடவை ஒண்ணுமே ஆகலையே டாக்டர்” என்று பலரும் சொல்வதுண்டு. நெப்டியூனுக்கும் போன தடவை ஒன்றும் ஆகவில்லை.

அந்த உடல் எதிர்ப்பது எதை? தடுப்பூசிக்குள் இருக்கும் வைரஸை என்றுதான் நினைக்கத் தோன்றும். ஜப்பானிய ஆய்வாளர்கள், ஊசி போட்டவுடன் ஒவ்வாமை கண்ட நாய்களின் ரத்தத்தை எடுத்து, அவற்றின் ஐ.ஜி.ஈ. எதைப் பற்றுகிறது என்று சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். பல நாய்களில் அது பற்றியது கன்றுக்குட்டிப் புரதத்தை.

நாய்த் தடுப்பூசிக்குள் கன்றுக்குட்டி எப்படி வந்தது? வைரஸ் தனியாகப் பெருகாது. உயிருள்ள செல்களுக்குள்தான் பெருகும். ஆகவே ஆய்வகத்தில் செல்களை வளர்க்கிறார்கள். அந்தச் செல்களுக்கு ஊட்டமாக, பிறக்காத கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். வைரஸை அறுவடை செய்யும்போது அதில் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. உலர்த்திய வைரஸ் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஜெலட்டின், பால் புரதமான கேசீன் ஆகியவையும் சில நாய்களின் உடலை உசுப்பிவிடும். நோயைத் தடுக்கும் பகுதி ஒன்று, ஒவ்வாமையைத் தூண்டும் பகுதி வேறொன்று. தயாரிப்பாளர்கள் சுத்திகரிப்பில் இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான். ஒரு நிறுவனத்தின் ஊசியில் ஒவ்வாமை கண்ட நாய்க்கு அடுத்த முறை வேறு நிறுவனத்தின் ஊசியைப் பரிசீலிப்பதும் இதனால்தான்.

தடுப்பூசியில் ஒட்டிவந்த பொருளால் நேர்ந்த துன்பத்தை நம் ஊர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் பல பத்தாண்டுகள் தயாரித்த அந்த மருந்து, ஆட்டு மூளையில் வளர்த்த வெறிநோய் வைரஸைச் செயலிழக்கச் செய்து எடுத்தது. மூளைத் திசுவில் நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறையும் சேர்ந்தே வந்தது. சிலரின் உடல் அந்த ஆட்டு மயலினை எதிர்க்கப் புறப்பட்டு, தன் சொந்த நரம்புறையையே தாக்கிவிட்டது; பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. செல்களில் வளர்த்துச் சுத்திகரித்த ஊசி வந்ததும் அந்த ஆபத்து ஒழிந்தது. இந்தியா 2000களின் நடுப்பகுதியில் ஆட்டு மூளை மருந்தைக் கைவிட்டது.

நாயிடம் திரும்புவோம். மனிதருக்குக் கடும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் தொண்டை அடைக்கும், மூச்சு திணறும். பூனைக்கு நுரையீரல். நாய்க்கு முதல் அடி விழுவது கல்லீரலிலும் குடலிலும். நாயின் குடலிலும் கல்லீரலிலும் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும்போது, கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் நாளங்கள் இறுகிவிடுகின்றன. உள்ளே வந்த ரத்தம் வெளியே போக வழியில்லாமல் வயிற்றுப் பகுதியில் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, ரத்த அழுத்தம் சரிகிறது. குடல் ரத்தக்கட்டில் திணறி வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் வருகின்றன. நெப்டியூனின் ரத்த வாந்திக்கு விளக்கம் இதுதான். ரிஷே நேரில் பார்த்து எழுதிவைத்தார். காரணம் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

இன்னும் வியப்பான ஒன்று. ரத்தம் தேங்கியதும் கல்லீரலை ஒட்டியிருக்கும் பித்தப்பையின் சுவரில் நீர் கோத்துக்கொள்ளும். ஸ்கேனில் பித்தப்பையைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லாமல், திடீரென வாந்தியெடுத்துச் சரியும் நாயைக் கொண்டுவந்தால், அனுபவமுள்ள அவசர சிகிச்சை மருத்துவர் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்ப்பது அந்த வளையத்தைத்தான். 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, பித்தப்பைச் சுவரின் இந்த மாற்றமும் ரத்தத்தில் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி உயர்வதும் நாய்களின் அனஃபிலாக்சிஸைக் கண்டுகொள்ள நல்ல அடையாளங்கள் என்று காட்டியது. ஊசி போட்ட சிறிது நேரத்தில் வரும் வாந்தியை “வண்டியில வந்த அலுப்பு” என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இதெல்லாம் எத்தனை நாய்களுக்கு நேர்கிறது? அமெரிக்காவில் ஒரே மருத்துவமனைக் குழுமத்தின் கிளைகளில் ஊசி போட்டுக்கொண்ட 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். மூன்று நாட்களுக்குள் ஏதாவது பாதகம் கண்டவை 10,000க்கு 38. பின்னர் 46 லட்சம் நாய்களின் பதிவுகளைப் பார்த்து 2023இல் வெளிவந்த ஆய்வில் அது 10,000க்கு 19 ஆக இருந்தது. ஆயிரத்துக்கு இரண்டு. அவற்றிலும் பெரும்பாலானவை முக வீக்கம், தோல் தடிப்பு, அரிப்பு, வாந்தி. உயிருக்கு ஆபத்தானவை மிகச் சில.

ஆனால் சராசரிக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 2005 ஆய்வில் டாக்ஸ்ஹண்ட் இனத்துக்கு 10,000க்கு ஏறத்தாழ 122, பக் இனத்துக்கு 93. உருவம் சிறுக்கச் சிறுக்க ஆபத்து கூடியது. ஒரே நாளில் போடும் ஊசிகளின் எண்ணிக்கையும் கணக்கில் வந்தது. 10 கிலோ வரை எடையுள்ள நாய்க்குக் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு தடுப்பூசிக்கும் ஆபத்து 27 சதவீதம் ஏறியது. அதைவிடப் பெரிய நாய்க்கு 12 சதவீதம். உங்கள் வீட்டில் இருப்பது ஐந்து கிலோ பொமரேனியன் என்றால் 27 என்ற அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். “ரேபிஸ் ஊசியை மூணு வாரம் கழிச்சுத் தனியாப் போடலாமா டாக்டர்?” என்ற கேள்விக்கு முழு நியாயமும் இந்த எண்ணில் இருக்கிறது. இரண்டு ஊசிகளுக்கு இடையே இரண்டு முதல் நான்கு வாரம் விடுவது வழக்கம்.

சிறிய நாய்க்குப் பாதி மருந்து போட்டால் என்ன? கேட்கத் தோன்றும் கேள்விதான். மாத்திரையும் மயக்க மருந்தும் எடைக்கு எடை மாறும்போது, தடுப்பூசி மட்டும் இரண்டு கிலோ சிவாவாவுக்கும் அறுபது கிலோ கிரேட் டேனுக்கும் ஒரே அளவு. மருந்து உடல் முழுக்கப் பரவி வேலை செய்ய வேண்டும். தடுப்பூசிக்கு அந்தத் தேவையில்லை. ஊசி போட்ட இடத்துக்கு அருகிலிருக்கும் நிணநீர்க் கணுவில், “புதிதாக ஒருவர் வந்திருக்கிறார்” என்ற செய்தியைச் சேர்த்தால் போதும். அந்தச் செய்தி ஒரு குறைந்தபட்ச வலுவைத் தாண்டினால்தான் உடல் செவிகொடுக்கும். பாதி அளவில் அந்த வலு கிடைக்காமல் போகலாம். ஒவ்வாமைக்கோ அணுப்பிரமாணமே போதும். பாதி ஊசி போட்டால் பாதுகாப்புக்கு உத்தரவாதம் போகும், ஒவ்வாமை அபாயம் அப்படியே இருக்கும்.

இப்போது மருத்துவரின் மேசைக்கு அருகே போவோம். ‘செவன் இன் ஒன்’ என்று நாம் சொல்லும் ஊசிக்கு இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வரும். ஒன்றின் அடியில் வெண்மையான வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். உறையவைத்து உலர்த்திய உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ்கள் அதில் இருக்கின்றன: டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ, பாராஇன்ஃபுளுயன்சா. மற்ற குப்பியில் இருக்கும் திரவத்தைக் கரைக்கும் நீர் என்று பலர் நினைக்கிறார்கள். பல தயாரிப்புகளில் அந்தத் திரவமே எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ தடுப்பூசி. மருத்துவர் திரவத்தை உறிஞ்சி வில்லைமேல் விட்டு மெதுவாகச் சுழற்றுவார். இரண்டும் கலந்தால்தான் செவன் இன் ஒன் முழுமை. திரவத்தை மட்டும் போட்டால் பார்வோவுக்கு எதிராக ஒரு துளிப் பாதுகாப்பும் வராது.

இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு வாசல்கள் திறக்கின்றன. முதலாவது, சரிபார்ப்பது எளிது: தடுப்பூசி அட்டையில் இரண்டு ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பெயரும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். இரண்டாவது, முன்பு ஒவ்வாமை கண்ட நாய்க்கு, லெப்டோ திரவத்துக்குப் பதிலாக அதற்கென்று உள்ள சுத்த நீரில் வில்லையைக் கரைத்து, வைரஸ் பகுதியை ஒரு நாளும் லெப்டோவை வேறொரு நாளும் போட மருத்துவரால் முடியும். எது எதோடு கலக்கலாம் என்பதைத் தயாரிப்பாளர் தாளில் எழுதியிருப்பார்; கையில் கிடைத்த திரவத்தில் கரைப்பது கூடாது.

குளிர்ச்சியும் சரிபார்க்க வேண்டிய ஒன்று. இந்தக் குப்பிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடு ஏறினால் வில்லையிலிருக்கும் வைரஸ் சாகும். இது பலருக்குத் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ரேபிஸ் ஊசியில் செத்த வைரஸோடு அலுமினிய உப்பு சேர்த்திருப்பார்கள். உடலின் கவனத்தை ஈர்க்கும் துணைப்பொருள் அது. உறைந்து உருகினால் அந்த நுண்துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. நம் ஊர்களில் மருந்துக்கடையில் ஊசியை வாங்கி, ஐஸ்கட்டி போட்ட பையில் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் பழக்கம் இருக்கிறது. குப்பி ஐஸ்கட்டியோடு நேரடியாக ஒட்டியிருந்தால் உறைந்துபோகும் ஆபத்து உண்டு. இடையில் ஒரு துணியோ காகிதமோ வேண்டும். கிளினிக்கின் குளிர்ப்பெட்டியிலிருந்தே எடுத்துப் போட முடிந்தால் அதுதான் நல்லது.

இதையெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. நல்ல மருத்துவருக்கு இந்தக் கேள்விகள் உதவி. நாய்க்கு நேற்று பேதி இருந்ததா, போன வருடம் ஊசி போட்ட அன்று முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்ததா என்பதெல்லாம் வீட்டிலிருப்பவருக்குத்தான் தெரியும். காய்ச்சலோடு இருக்கும் நாய்க்கு அன்று ஊசி போடாமல் தள்ளிவைப்பார்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறாரா என்று கவனியுங்கள். நாயின் சாதாரண உடல் வெப்பமே 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் என்பதால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஊசி போட்டாயிற்று. ஏன் அரை மணி நேரம்? ஜப்பானில் கலவைத் தடுப்பூசி போட்ட 57,300 நாய்களைக் கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் 41 நாய்களுக்கு அனஃபிலாக்சிஸ் வந்திருந்தது. அவற்றில் 36 நாய்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள். அதிலும் 19 நாய்களுக்கு முதல் ஐந்தே நிமிடத்துக்குள். கிளினிக் வாசலில் கழியும் நேரத்தின் மதிப்பு இதுதான். வீடு பக்கத்தில் இல்லையென்றால் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவதே மேல். முகம் வீங்குவதும் தோல் தடிப்பதும் சாவகாசமாக, சில மணி நேரம் கழித்தும் வரும். அதனால் காலையில் போய் ஊசி போட்டுக்கொள்வது நல்லது. இரவு ஏழு மணிக்குப் போட்டால், பத்து மணிக்கு இமை வீங்கும்போது கிளினிக் பூட்டியிருக்கும்.

காத்திருக்கும்போது கண் இமைகளையும் மூக்கைச் சுற்றிய பகுதியையும் பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு கறுப்பாக இருக்கும் நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். வெளுப்பு, வாந்தி, பேதி, தள்ளாட்டம், சரிவு இவற்றில் எது தெரிந்தாலும் உடனே உள்ளே தூக்கிக்கொண்டு போக வேண்டும். மறுநாள் வரை கொஞ்சம் சோர்வு, லேசான காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வலி ஆகியவை வேறு கணக்கு. உடல் செய்தியைப் படித்து வேலை தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. ஓரிரு நாளில் தணியும்.

கடும் ஒவ்வாமைக்கு உயிர்காக்கும் மருந்து அட்ரினலின். நெப்டியூன் இறந்த அதே காலகட்டத்தில்தான் ஜப்பானிய வேதியியலர் ஜோகிச்சி தகாமினே அமெரிக்காவில் அட்ரினலினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். நோயும் மருந்தும் உலகின் இரு மூலைகளில் ஏறக்குறைய ஒன்றாகவே வெளிப்பட்டன, ஒன்றைப் பற்றி மற்றொன்று அறியாமல். அட்ரினலின் விரிந்த ரத்தக்குழாய்களை இறுக்கும், இதயத்தைத் தூண்டும், மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதைத் தடுக்கும். எட்டுக் கிலோ பக் நாய்க்கு முதலில் வேண்டியது ஏறத்தாழ 0.08 மில்லி, இரண்டு துளிக்கும் குறைவு. நம் கிளினிக்குகளில் வழக்கமாகப் போடும் ஏவில் ஊசி ஹிஸ்டமின் போய் உட்காரும் இடத்தை அடைக்கிறது. முக வீக்கத்துக்கும் அரிப்புக்கும் அது நன்றாக உதவும். ஆனால் சரிந்துவிட்ட ரத்த அழுத்தத்தை அதனால் தூக்க முடியாது. முன்கூட்டியே ஏவில் போட்டுவிட்டால் ஒன்றும் வராது என்ற நம்பிக்கையும் சரியல்ல. அனஃபிலாக்சிஸை அது உறுதியாகத் தடுக்காது, முதல் அறிகுறிகளை மறைத்தும் விடலாம். “அட்ரினலின் கைவசம் இருக்கா டாக்டர்?” என்பது ஊசிக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி.

மாதங்கள் கழித்து வரும் விளைவு ஒன்றும் உண்டு. ரேபிஸ் ஊசி போட்டு இரண்டு மூன்று மாதத்தில் அதே இடத்தில் வட்டமாக முடி உதிரும். பூடில், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற நாய்களில் இதைக் காணலாம். தோலின் நுண் ரத்தக்குழாய்களில் மெதுவாகப் புகையும் அழற்சி அது. ஊசி போட்ட இடத்தை அட்டையில் குறித்துவைத்தால் இந்தப் புதிர் ஒரு நொடியில் அவிழும். ஊசிக்குப் பிந்தைய வாரங்களில் சிவப்பணுக்களை உடலே அழிக்கும் நோய் சில நாய்களில் கண்டிருக்கிறது. அதற்குத் தடுப்பூசிதான் காரணமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஏற்கெனவே அந்த நோய் வந்த நாய்க்கு மட்டும் ஒவ்வொரு ஊசியையும் மருத்துவர்கள் யோசித்தே போடுகிறார்கள்.

குட்டிக்கு இத்தனை ஊசிகள் ஏன்? பிறந்த முதல் நாளில் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்பொருள்கள் குட்டியின் குடலுக்குள் நுழைந்து ரத்தத்தில் சேர்கின்றன. ஒரு நாளைக்குள் அந்த வாசல் மூடிவிடும். தாய் தந்த இந்தக் காப்பு ஏறத்தாழ ஒன்பது, பத்து நாளுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். அது வலுவாக இருக்கும்வரை தடுப்பூசியின் வைரஸையும் கிருமி என்றே பிடித்து அழித்துவிடும், ஊசி வீணாகும். தாயின் காப்பு ஊசியைத் தடுக்கும் அளவுக்கு இருந்து, நிஜ பார்வோவைத் தடுக்கும் அளவுக்கு இல்லாமல் போகும் நாட்கள் சில வரும். குட்டிகளுக்கு ஆபத்தான நாட்கள் அவைதாம். அந்த நாட்கள் எப்போது வரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளும் மாறும். அதனால்தான் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று தொடர்ந்து போட்டு, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழும்படி பார்த்துக்கொள்ளச் சொல்கிறது உலகச் சிறு விலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி. ஊசிகளின் எண்ணிக்கையைவிட அந்தக் கடைசித் தேதிக்கு மதிப்பு அதிகம். பன்னிரண்டு வாரத்தில் “கோர்ஸ் முடிஞ்சது” என்று அட்டையை மூடியிருந்தால் மருத்துவரிடம் மறுபடி பேசுங்கள்.

வளர்ந்த நாய்க்கு ஆண்டுதோறும் எல்லா ஊசியும் வேண்டுமா? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஷுல்ட்ஸ் இந்தக் கேள்வியோடு பல பத்தாண்டுகள் செலவிட்டார். டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ மூன்றுக்கும் உயிருள்ள தடுப்பூசி தரும் பாதுகாப்பு ஏழு ஆண்டுகளுக்கும் நீடிப்பதை அவர் தொகுத்துக் காட்டினார். அந்த மூன்றையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டாம் என்பது இன்றைய வழிகாட்டி. போடாத ஊசியில் ஒவ்வாமை வராது. லெப்டோவின் பாதுகாப்பு நீண்ட நாள் நிற்காது, ஆகவே ஆண்டுதோறும் வேண்டும். எலி நடமாட்டமும் மழைநீர்த் தேக்கமும் உள்ள நம் தெருக்களில் அதை எளிதில் விட முடியாது.

காப்பு இன்னும் இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது. டைட்டர் பரிசோதனை என்பது ரத்தத்தில் எதிர்பொருளின் அளவைக் காண்பது. கிளினிக்கிலேயே சுமார் அரை மணி நேரத்தில் செய்துவிடும் கருவிகள் வந்துவிட்டன. கருவியில் தோன்றும் புள்ளியின் நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு காப்பு. ஊசி போட்டும் பலன் பெறாத நாய்களையும் இது காட்டிக்கொடுக்கும். மரபணு அமைப்பால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நாய் பார்வோ தடுப்பூசியை அடையாளமே காண்பதில்லை. எத்தனை முறை போட்டாலும் அதன் அட்டையில் மட்டுமே பாதுகாப்பு இருக்கும்.

ஆக, ஒருமுறை முகம் வீங்கிய நாயை வைத்திருப்பவருக்கு வழிகள் பல. அந்த மூன்று வைரஸ்களுக்கும் டைட்டர் பார்த்துவிட்டு, காப்பு இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடலாம். லெப்டோவைத் தனி நாளில் போடலாம். கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் அது வேண்டுமா என்று மருத்துவரோடு எடைபோடலாம். ரேபிஸுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. உலகில் ஆண்டுக்கு 59,000 பேர் வெறிநோயில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மனிதருக்கு அது வருவது ஏறக்குறைய எப்போதும் நாயிடமிருந்துதான், இறப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இந்தியாவில். ஆகவே அந்த ஊசியை எப்படிப் போடுவது என்றுதான் திட்டமிட வேண்டும்: தனி நாளில், வேறு நிறுவனத்தின் ஊசியில், காலின் ரத்தக்குழாயில் ஊசியைப் பொருத்தி வைத்து, எடைக்கு அளந்த அட்ரினலினை சிரிஞ்சில் ஏற்றி வைத்து, பகல் முழுவதும் கிளினிக்கிலேயே வைத்துக் கவனித்து.

இந்தத் திட்டமெல்லாம் அட்டையில் எழுதப்படும் ஒரு வரியை நம்பியிருக்கிறது. “ஊசி ஆகாது” என்று மொட்டையாக எழுதியிருந்தால் அடுத்த மருத்துவருக்குப் பயம்தான் மிஞ்சும். எந்த நிறுவனத்தின் எந்த ஊசி, தொகுதி எண் என்ன, போட்டு எத்தனை நிமிடத்தில் என்ன தெரிந்தது, எந்த மருந்துக்கு எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்று ஊசி போட்ட மருத்துவரையே எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். வீங்கிய முகத்தைக் கைப்பேசியில் நேரத்தோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். அதே விவரத்தைத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஆயிரத்துக்கு இரண்டு என்ற எண் பிறந்ததும், பக் நாய்க்கும் டாக்ஸ்ஹண்டுக்கும் ஆபத்து அதிகம் என்று தெரிந்ததும் இப்படி யாரோ எழுதிவைத்த லட்சக்கணக்கான வரிகளிலிருந்துதான்.